எட்டாம் வசனம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். லேமினேட்டில் ஒரு கீறல் விழுந்தால் நான் போடுகிற சத்தம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் கேட்கும் என்று என் பட்டறையில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நான் போட்ட ஒரு சத்தம் இருக்கிறது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. இப்போது சொல்கிறேன்.

என் பெயர் ஜெஃப்ரி. வயது நாற்பத்தொன்று. மாடுலர் கிச்சன் செய்து தருவது தொழில். பட்டறையில் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எந்த அபார்ட்மென்ட்டை வேண்டுமானாலும் காட்டுங்கள், அதில் ஒரு வீட்டுச் சமையலறையாவது நான் போட்டதாக இருக்கும். ஒரு வீட்டுக்குள் ஒரு தரம் நுழைந்து வந்தால் போதும். எந்தச் சுவர் கோணல், குழாய் எங்கே இறங்குகிறது, அந்த வீட்டு அம்மா எந்தக் கையால் டப்பாவை எடுக்கிறார், எல்லாம் கண்ணிலேயே நிற்கும். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், இருக்கட்டும். அடுத்ததாகச் சொல்லப் போவதற்கு இந்தத் தெம்பு வேண்டியிருக்கிறது.

எனக்கு வாசிக்க வராது.

ஒரேயடியாக வராது என்றில்லை. எழுத்துகள் தெரியும். ஆனால் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் மேல் வரிக்குத் தாவிவிடுவேன். ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் முந்தின சொல் மறந்துபோகும். மற்றவர்கள் ஒரு பக்கம் புரட்டுகிற நேரத்தில் எனக்கு மூன்று வரி தாண்டாது, நெற்றி வியர்த்துவிடும். எண்களும் அப்படித்தான், இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். எட்டாம் வகுப்பில் என்னை வாசிக்கச் சொல்லி, முடியாமல் நின்றபோது பெஞ்சு மேல் ஏற்றினார்கள். அன்றைக்கு இறங்கியவன், அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் எதையும் நிஜமாக வாசித்ததே கிடையாது.

நிஜமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், வாசிப்பது மாதிரி காட்டுவதில் நான் கில்லாடி. பட்டறையில் அளவை எழுதவே மாட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீளமான ரீப்பர் கட்டை எடுத்துப் போவேன். அதைச் சுவரோடு சேர்த்து வைத்து, ஜன்னல் எங்கே, சிங்க் எங்கே, அடுப்பு எங்கே என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அந்தக் கோட்டின்படி பலகையை அறுத்தால் ஒரு நூல் பிசகாது. என் மேஸ்திரி குமரவேலுக்கு மட்டும் இது பொறுக்காது.

“இன்னாண்ணா இது, டேப்புல பாத்து எய்திக்கினா முடிஞ்சிது. இத்த தூக்கிகினு ஊரெல்லாம் சுத்தணுமா?”

“எண்ணு மாறும்டா, கட்டை மாறாது,” என்பேன். அவன் அதைத் தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

வாடிக்கையாளர்கள் மெசேஜ் அனுப்பினால், “வண்டில இருக்கேன் சார், வாய்ஸ் போடுங்க” என்பேன். கொட்டேஷன் எல்லாம் என் மனைவி ஆஷா அடித்துத் தருவாள். பல்லாவரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், அவளுக்கு அது தூசு. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு ஏறவில்லை என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இதில் பெரிய வேடிக்கை, எங்கள் சபையில் நான்தான் நல்ல வாசிப்பாளன் என்று பெயர்.

மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஏரியா ஜெபக்கூட்டம் நடக்கும். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவோம், பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பைபிளில் ஒரு அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பது வழக்கம். கூட்டத்தை நடத்துகிற தயாளன் ஐயா முதல் வசனம் வாசிப்பார், அவருக்கு வலது பக்கம் இருப்பவர் இரண்டாவது, அப்படியே போகும். ஒரு வாரம் முன்னதாகவே எந்த அதிகாரம் என்று குரூப்பில் வந்துவிடும். நான் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை எண்ணுவது. எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தால் என்னுடையது ஏழாவது. போனில் வாசித்துக் காட்டுகிற ஆப்பில் அந்த அதிகாரத்தைக் கேட்டுக் கேட்டு வைத்திருப்பேன். என் முறை வரும்போது புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிவிடுவேன்.

“ஜெஃப்ரி வாசிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம்,” என்பார் தயாளன் ஐயா. மனப்பாடம் செய்தவன் நன்றாகத்தானே சொல்லுவான், அதில் என்ன அதிசயம்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ஆறு வருஷம் இருக்கும். உதயா என்று ஒரு நர்ஸ், குன்றத்தூர் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை, எப்போதும் டூட்டி முடிந்து தாமதமாகத்தான் வருவாள். அன்றைக்குப் பாதி வாசிப்பில் வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். என் வசனத்தை அவள் வாசித்தாள். நானும் நிமிராமல் அதே வசனத்தை அழகாக, உணர்ச்சியோடு, இன்னொரு தரம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சமாளித்தேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. அதற்குப் பிறகு முழு அதிகாரத்தையும் நெட்டுருப் போட்டுக்கொண்டுதான் போவேன்.

இப்போது பெர்சிஸுக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள், நாலாம் வகுப்பு. வாய் காது வரைக்கும். பட்டறைக்கு வந்தால் மூலையில் சாய்த்து வைத்திருக்கும் நாற்பது ரீப்பரில் இது யார் வீட்டுடையது என்று சரியாக எடுத்துக் கொடுப்பாள், அதில் எந்தப் பெயரும் எழுதியிருக்காது. குமரவேல் வாயைப் பிளப்பான். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்கு வயிறு வலிக்கும், தலை வலிக்கும், தண்ணீர் தவிக்கும். நோட்டில் சிவப்பு மையாக இருக்கும். ஆஷா பக்கத்தில் உட்கார்ந்து மாரடிப்பாள். நான் அந்த நேரத்தில் பட்டறையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

பிள்ளைகளும் சுற்றில் வாசிக்க வேண்டும் என்று சபையில் முடிவு செய்தார்கள். ஜூன் மாதக் கூட்டம் சாராள் அக்கா வீட்டில். ஸ்கூல் டீச்சர், தங்கமான மனுஷி, அவர்கள் வீட்டுச் சமையலறையும் நான் போட்டதுதான். பெர்சிஸ் முறை வந்தது. இரண்டு சொல் போனாள். மூன்றாவதில் நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். எதிரே ஒரு பெண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது.

“பரவால்லடா கண்ணு,” என்று சாராள் அக்கா தானே அந்த வசனத்தை வாசித்துவிட்டார். காபி கொடுக்கும்போது என்னிடம், “நீங்க இவ்ளோ அழகா வாசிக்கிறீங்க ஜெஃப்ரி, பிள்ளையோட கொஞ்சம் உக்காந்து சொல்லிக் குடுக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

காரில் வரும்போது நான் வெடித்தேன்.

“நாலாங்கிளாஸ். ஒரே ஒரு வசனம். அதப் படிக்கத் துப்பில்ல உனக்கு. இத்தனை பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டே. மக்கு, மக்கு.”

ஆஷா என் கையைப் பிடித்து, “வண்டியப் பாத்து ஓட்டுங்க,” என்றாள். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். பெர்சிஸ் அழவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன ஒவ்வொருவர் முகமும் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வரிசையில் இப்போது என் மகளுக்கு நானும் ஒருவன்.

அந்த வாரமே ஆஷா விசாரித்து, கீழ்க்கட்டளையில் ஹேமாவதி மேடம் என்பவரிடம் அழைத்துப் போனாள். பிள்ளைகளுக்குப் படிப்பில் வருகிற சிக்கல்களைச் சோதித்துப் பயிற்சி கொடுக்கிறவர். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாவது நாள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெர்சிஸ் அறையின் ஓரத்தில் மரக்கட்டைகளை வைத்து ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப ஷார்ப்பான பொண்ணு,” என்றார். “கேட்டா உடனே பிடிச்சுக்கறா. எழுத்த மூளை எடுத்துக்கற விதம்தான் அவளுக்கு வேற மாதிரி. டிஸ்லெக்சியான்னு சொல்லுவோம். சோம்பேறித்தனம் இல்ல, கவனக்குறைவும் இல்ல. பயிற்சி குடுத்தா நல்லா வருவா. ஸ்கூல்ல கூடுதல் நேரம் கேக்கலாம், நான் எழுதித் தரேன்.”

“என் பொண்ணுக்கு வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்,” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“வியாதின்னு நானும் சொல்லலியே சார்,” என்று அவர் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, “இது பெரும்பாலும் குடும்பத்துல இருக்கும். உங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் யாருக்காவது சின்ன வயசுலேந்து படிக்கறதுல கஷ்டம் இருந்துதா?” என்று கேட்டார்.

ஆஷா யோசித்தாள். நான் யோசிக்கவில்லை.

“இல்ல மேடம்,” என்றேன்.

கட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. பெர்சிஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்புறம் கட்டையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். வெட்கக்கேடு. நெஞ்சில் இன்னும் அறுக்கிறது அந்த “இல்ல.”

பயிற்சி தொடங்கியது. வாரம் மூன்று நாள் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். மேடம் அவளுக்கு ஒரு நீல அட்டை கொடுத்திருந்தார். வாசிக்கிற வரிக்குக் கீழே அதை வைத்துக்கொண்டால் கண் அடுத்த வரிக்குத் தாவாது. பெர்சிஸ் அதை வீட்டில் மட்டும்தான் வெளியே எடுப்பாள். பள்ளிக்கூடத்தில் பார்த்தால் கேலி செய்வார்களாம்.

ஜூலை மாதக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. ஆஷா, “அவள ரூம்லயே இருக்கச் சொல்லிடலாம். தூங்கறான்னு சொல்லிக்கலாம்,” என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பெர்சிஸ் காதில் அது விழுந்துவிட்டது. “நான் ரூம்ல இருக்க மாட்டேன். போன தடவ மக்குன்னு நெனச்சாங்கல்ல. இப்ப ஒளிஞ்சா ஆமான்னு ஆயிடும். நான் ஒரு வசனம் நல்லா படிக்கணும். ஒண்ணே ஒண்ணு.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பயிற்சி தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் புதிதாக ஒரு வசனத்தைப் பிசகில்லாமல் வாசிக்க அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கு அது நன்றாகத் தெரியும்? செவ்வாய்க்கிழமை கீழ்க்கட்டளைக்குப் போகிற வழியில், சிக்னலில் நிற்கும்போது, நான் என் திருட்டு வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தீர்மானித்தேன்.

“பாப்பா, சனிக்கிழமை நாற்காலி போடறது நான்தான். யார் எங்க உக்காரணும்னு நானே பாத்துக்கறேன். எனக்கு முன்னாடி ஆறு பேர். நான் ஏழாவது, நீ எட்டாவது. எட்டாம் வசனத்த மட்டும் போன்ல கேட்டுக் கேட்டு மனசுல வெச்சுக்க. அன்னைக்குப் புத்தகத்தப் பாத்துக்கிட்டே சொல்லிடு.”

அவள் ஆச்சரியப்படவில்லை. “நீங்க பண்ற மாதிரியா?” என்றாள்.

“நான் என்ன பண்றேன்?”

“நீங்க எண்ணுவீங்கல்லப்பா. சாராள் ஆன்ட்டி வீட்ல கட்டை விரலால ஒவ்வொரு விரலாத் தொட்டீங்க. நானும் எண்ணினேன். ஆனா எனக்கு என்ன வசனம்னு முன்னாடியே தெரியல, அதான் மாட்டிக்கிட்டேன்.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன்.

“அம்மாட்ட சொல்லிட்டியா?”

“இல்ல. நீங்கதான் ஹேமா மேடம்ட்ட இல்லன்னு சொல்லிட்டீங்களே.” கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள், “இப்படி எத்தனை வருஷம்ப்பா எண்ணணும்?”

“பெரியவளானா சரியாயிடும்.”

“நீங்க பெரியவர்தானே.”

போனை எடுத்து எட்டாம் வசனத்தைப் போட்டுவிட்டேன். நாலு நாளும் காரில் அதுதான் ஓடியது. நீளமான வசனம், இரண்டு ஊர்ப் பெயர் வேறு. புதன்கிழமை பாதி வந்தது. வெள்ளிக்கிழமை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். நானும் கூடவே சொல்லிச் சொல்லி எனக்கும் அது அத்துப்படி. அந்த மும்முரத்தில் வழக்கம்போல முழு அதிகாரத்தையும் கேட்க எனக்கு நேரமில்லை. என் ஏழாவதையும் அவள் எட்டாவதையும் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டு போதும் என்றிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் நாற்காலிகளைப் போட்டேன். என்னிடமா விளையாட்டு, இடம் போடுவதுதானே என் பிழைப்பு. டி.வி. பக்கம் தயாளன் ஐயாவும் அவர் மனைவியும், சோபாவில் மூன்று பேர், அடுத்து சாராள் அக்கா. ஆறு. பிறகு நான், பெர்சிஸ், ஆஷா. மீதிப்பேர் ஆஷாவுக்கு அப்புறம் பால்கனி வரைக்கும். உதயாவுக்கென்று பால்கனி ஓரத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். எத்தனை மணிக்கு வந்தாலும் எங்கள் கணக்கு கெடாது. அடுக்களையில் கேசரி வாசனை வந்துகொண்டிருந்தது. எல்லோரும் நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. தயாளன் ஐயா முதல் வசனத்தை வாசித்தார். அவர் மனைவி இரண்டாவது. மூன்றாவது போகும்போது கேட் சத்தம் கேட்டது. உதயா உள்ளே வந்தாள், யூனிஃபார்மோடு, கையில் ஹெல்மெட்டோடு. பால்கனி நாற்காலிக்குப் போக வட்டத்தின் நடுவே நடக்க வேண்டும். வாசிப்பு நடக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்று பாவம் நினைத்தாள் போல. வாசல் பக்கமே நின்றாள். சாராள் அக்கா கொஞ்சம் நகர்ந்து, அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தட்டிக் காட்டினார். உதயா சாராள் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

என் அளவெல்லாம் ஒரு ஸ்டூலில் போயிற்று.

நாலாவது வாசித்தார்கள். ஐந்தாவது. நான் பெர்சிஸைப் பார்த்தேன். அவள் கட்டை விரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு தரம் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதயா ஏழு. நான் எட்டு. அவள் ஒன்பது. அவள் உதடு உலர்ந்து போயிருந்தது.

சாராள் அக்கா ஆறாவதை வாசித்தார். உதயா மூச்சு வாங்கிக்கொண்டே ஏழாவதை வாசித்து முடித்தாள். என் முறை.

எட்டாம் வசனம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலு நாள் சொன்னது, நாக்கு நுனியிலேயே இருந்தது. தயாளன் ஐயா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, நான் வாசிப்பதைக் கேட்பதற்காகக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பழக்க தோஷம், நான் வாயையும் திறந்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. நல்ல வாசிப்பாளன் பெயர் அப்படியே இருக்கும். அடுத்த நிமிஷம் இத்தனை பேர் முன்னால், தன் சொந்த வீட்டில், என் மகள் இரண்டு சொல் போய் மூன்றாவதில் நிற்பாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

“ஐயா,” என்றேன். “எனக்குப் படிக்க வராது.”

தயாளன் ஐயா கண்ணைத் திறந்தார். “கண்ணாடி இல்லியா தம்பி? என்னுது தரட்டுமா?”

“கண்ணாடி இல்லய்யா. எனக்கு வாசிக்கவே வராது. சின்ன வயசுலேந்தே. இவ்ளோ நாளும் போன்ல கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்துதான் சொல்லிட்டிருந்தேன். இன்னைக்கு என்னை விட்டுடுங்க. எட்டாவது பாப்பா படிக்கட்டும்.”

சாராள் அக்கா கையை வாயருகே கொண்டுபோனார். ஆஷாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காது இரண்டும் சுட்டது. எட்டாம் வகுப்பு பெஞ்சில் நின்றபோதும் இப்படித்தான் சுட்டது, ஆனால் அன்றைக்கு யாரோ ஏற்றிவிட்டார்கள், இன்றைக்கு நானே ஏறியிருந்தேன்.

பெர்சிஸ் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். எட்டாம் வசனத்தைச் சொன்னாள். இரண்டு ஊர்ப் பெயரையும் கணீரென்று சொன்னாள், என்னைப் போலவே நிறுத்தி, என்னைப் போலவே குரலை இறக்கி. கடைசிச் சொல் வரைக்கும் ஒரு தடங்கல் இல்லை.

“அட, எவ்ளோ அழகா படிக்கிற,” என்றார் சாராள் அக்கா.

போதும், முடிந்தது, அடுத்தது ஆஷா என்று நான் மூச்சு விட்டேன். ஆஷாவும் ஒன்பதாவதை வாசிக்கப் புத்தகத்தைத் தூக்கினாள்.

“இல்ல ஆன்ட்டி,” என்றாள் பெர்சிஸ். “நான் படிக்கல. அதுவும் மனப்பாடம்தான். அப்பா கார்ல சொல்லிக் குடுத்தாங்க. எனக்கும் அப்பாக்கும் படிக்க நேரமாகும், ஆனா வரும். ஹேமா மேடம் சொல்லிருக்காங்க.” பிறகு அம்மாவின் கையைத் தொட்டு, “அம்மா, இருங்க. ஒன்பதாவது அப்பாது,” என்றாள்.

“பாப்பா, வேணாம்,” என்றேன் மெதுவாக.

“எனக்கு ஒரு வசனம் குடுத்துட்டீங்கல்ல. இது உங்களுது.”

அவள் புத்தகத்தின் பின்னட்டைக்குள் கையை விட்டு அந்த நீல அட்டையை எடுத்தாள். வீட்டைத் தவிர எங்கேயும், யார் முன்னாலும் எடுக்காத அட்டை. எல்லோரும் பார்க்க, என் மடியிலிருந்த புத்தகத்தில், ஒன்பதாம் வசனத்தின் முதல் வரிக்குக் கீழே அதை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஆஷாவைப் பார்த்தேன். அவள் தன் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. “படிங்க,” என்றாள்.

முதல் சொல்லைக் கூட்டினேன். இரண்டாவது வந்தது. மூன்றாவதில் நின்றேன். பெர்சிஸ் நின்ற மாதிரியே. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, பெர்சிஸ் கொடுக்க விடவில்லை. சாராள் அக்கா வாயெடுத்தபோது தலையை ஆட்டித் தடுத்தாள். நான் அந்தச் சொல்லை மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். வந்தது. அட்டை இறங்கியது. வியர்வை புருவத்தில் வழிந்தது, துடைத்துக்கொண்டேன். இரண்டாவது வரி. எங்கேயும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கட்டை வண்டி மாதிரி போனது. என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. மூன்றாவது வரி. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அடுப்படியில் குக்கர் கூட இறங்கியிருக்கும், அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. தயாளன் ஐயா இந்தத் தடவை கண்ணை மூடவே இல்லை.

“ஆமென்,” என்றார் அவர்.

“இருங்கய்யா,” என்றாள் பெர்சிஸ். அட்டையை ஒரு வரி மேலே ஏற்றினாள். “அப்பா, ஒரு வார்த்த விட்டுட்டீங்க.”

“எது?”

விரலை வைத்துக் காட்டினாள். குனிந்து அந்தச் சொல்லைக் கூட்டிச் சொன்னேன்.

“இப்ப சரி,” என்றாள். அட்டையை எடுத்துத் தன் புத்தகத்தின் மேலேயே வைத்துக்கொண்டாள். ஆஷா பத்தாவதைத் தொடங்கினாள்.